பச்சரிசி ஏன் வெள்ளையாக இருக்கிறது?

போன இதழில், "பச்சத் தண்ணியில தலைக்கு ஊத்தாதே" என்று எங்கள் அம்மா அதட்டுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். தண்ணீருக்கு ஏது பச்சை என்று தொடங்கி, வாசகர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டீர்கள். அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் பச்சைக்கே கொடுக்கிறேன். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்தியவள் நான். புரூஃப் தாளில் என் பேனாவைத் திரும்பத் திரும்ப நிறுத்திய சொல் இது.

ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், பொங்கலுக்கு எடுத்து வைத்த பச்சரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு, "வெள்ளையாதானே இருக்கு, ஏம்மா பச்சைன்றே?" என்றான். என்ன சொல்வது?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பக்கத்தில் ஒரு பிடி புழுங்கலரிசியையும் வைத்துக் காட்டுங்கள். நெல்லை ஊறப்போட்டு, உமியோடு ஆவியில் வேகவைத்து, காயவைத்து, அப்புறம் அரைத்தால் புழுங்கல். வேகவைக்காமல் காயவைத்து நேராக மில்லுக்கு அனுப்பினால் பச்சரிசி. "இது நெருப்பைப் பார்க்காத அரிசிடா கண்ணு" என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான். பச்சைப்பால் காய்ச்சாதது, பச்சைத் தண்ணீர் சுடவைக்காதது, பச்சை முட்டை அவிக்காதது. குழம்பு கூட்டும்போது "பச்சை வாடை போகட்டும்" என்கிறோமே, அந்த வாடைக்கு என்ன நிறம்?

எங்கள் அம்மா கொத்தவால் சாவடியில் காய் விற்றவள். 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போகிறவரை அங்கேதான் அவள் கடை. பள்ளி விடுமுறை நாட்களில் சாக்கு மேல் உட்கார்ந்து நான் கேட்ட பச்சைகள் வேறு. வெட்டிவைத்த பூசணிக் கீற்றைத் தூக்கிக் காட்டி, "எவ்ளோ பச்சையா கீது பாரு" என்பாள். கீற்று நல்ல மஞ்சள். வாங்க வந்தவர்கள் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இப்போதுதான் கத்தி பட்டது, நீர் வற்றவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்தது. விடியற்காலை லாரியில் இறங்கிய சரக்கு பச்சை. உச்சி வெயில் தாண்டினால் அதே சரக்கு வாடல், விலை பாதி.

கொசப்பேட்டைக்குக் கொலு பொம்மை வாங்கப் போகிறவர்கள் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வனைந்து நிழலில் காயவைத்து, இன்னும் சூளைக்குப் போகாத பானை பச்சைப் பானை. (பக்கத்துப் பேட்டைக்குப் பெயரே சூளை.) அதில் தண்ணீர் ஊற்றினால் பானையும் போகும், தண்ணீரும் போகும். வஞ்சனையாகச் சேர்த்த பணம் அப்படித்தான் என்று வள்ளுவர் 660-வது குறளில் சொல்கிறார். அவர் வைத்த சொல் "பசுமண்கலம்". அம்மா சாக்கின் மேல் உட்கார்ந்து சொன்ன பச்சையும் அந்தப் பசுமையும் ஒன்றுதான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நிறம் முதலில் வந்ததா, நிலை முதலில் வந்ததா என்று கேட்பீர்கள். இளந்தளிரைப் பாருங்கள். இளசாக இருப்பது, ஈரமாக இருப்பது, பச்சை நிறமாக இருப்பது மூன்றும் ஒரே இலையில் சேர்ந்தே இருக்கின்றன. முற்றினால் மூன்றும் சேர்ந்தே போகின்றன. பார்த்தவன் மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தான். நிலைதான் தாய், நிறம் பிள்ளை என்பது என் கட்சி.

பச்சைக் கற்பூரமும் அப்படித்தானா? அதுவும் வெள்ளை வெளேரென்று இருக்கிறதே.
– வாசகர், மாம்பலம்

அப்படித்தான். ஆரத்திக்குக் கொளுத்தும் வில்லைக் கற்பூரம் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்வது. சர்க்கரைப் பொங்கலிலும் பெருமாள் தீர்த்தத்திலும் போடுவது பச்சைக் கற்பூரம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சமையலில் போட்டுவிடாதீர்கள். அது ஆபத்து.

என் மருமகளுக்கு ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த அச்சடித்த தாளில் "பச்சைக் காய்கறிகள் அதிகம் உண்ணவும்" என்று இருக்கிறது. அவள் காய்களை வேகவைக்காமலே சாப்பிடுகிறாள். தாளில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு மாமியார், அயனாவரம்

அம்மா, முதலில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். இந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று கடிதம் வந்த அன்றே உங்களுக்குக் கார்டு போட்டுவிட்டேன். உங்கள் மருமகள் மேல் தப்பில்லை. அவள் தமிழ் தெரிந்தவள், அதனால்தான் அப்படிப் படித்தாள். காயைப் "பச்சையாச் சாப்பிட்டா" என்றால் நம் வீடுகளில் வேகவைக்காமல் தின்றாள் என்றுதான் பொருள். எழுதியவர் மனதில் இருந்தது பச்சை நிறக் காயும் கீரையுமாக இருக்கும். வேறு மொழியில் இருந்த வரியை அப்படியே இறக்கிவைத்திருப்பார்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில், தாய்மார்களுக்கான ஒரு கையேடு எங்கள் அச்சகத்துக்கு வந்தது. அதிலும் இதே வரி. ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, "நிறமா, வேகாததா?" என்று கேட்டு அனுப்பினேன். "மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும்" என்று திரும்பி வந்தது. நானும் விட்டுவிட்டேன். அந்தக் கையேடு என் நாத்தனார் கைக்கே வந்து, அவள் முருங்கைக்கீரையை அரைத்து அப்படியே குடித்து, பத்து நாள் வயிற்றால் போய்க் கிடந்தாள். ஆயிரக்கணக்கில் அச்சான கையேடு அது. மற்றவர்கள் எப்படிப் படித்தார்களோ. அன்றைக்குப் படியேறிப் போய், கையேட்டை அனுப்பிய அதிகாரியிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

உடல்நலம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரு கை கூப்பிக் கேட்கிறேன். பெயர் சொல்லி எழுதுங்கள். "முருங்கைக்கீரை, அரைக்கீரை, அவரை, பீன்ஸ், கொத்தவரங்காய் வேகவைத்துச் சாப்பிடவும்" என்றால் எந்த வீட்டிலும் சண்டை வராது. சமைக்காமல் சாப்பிட வேண்டியது என்றால் "வேகவைக்காமல்" என்றே போடுங்கள். இரண்டு வரி கூடினால் காகிதம் தாங்கும்.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மஞ்சள் காமாலையை என் பாட்டி "பச்ச காமெர்லு" என்கிறாள். தமிழ் நண்பர்கள் சிரிக்கிறார்கள். தெலுங்குக்காரர்களுக்குப் பச்சையும் மஞ்சளும் ஒன்றா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

சிரிக்கிறவர்களைப் "பசும்பொன்" என்று ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பொன் பச்சை நிறத்தில் இருக்கிறது? கிழங்காக வாங்கும் ஈர மஞ்சளைப் "பசுமஞ்சள்" என்பதும் தமிழ்தான். பாட்டியின் தெலுங்கில் பச்ச என்றால் பச்சையும் ஆகும், மஞ்சளும் ஆகும். பச்சி என்றால் வேகாதது. மஞ்சள் கிழங்குக்குப் பெயர் பசுபு. கன்னடத்தில் நம் பால் ஹாலு ஆன மாதிரி, பச்சை அங்கே ஹசிரு, வேகாதது ஹசி. மூன்று வீட்டிலும் ஒரே வேர். தளிரில் இருந்து பழுப்பு வரைக்கும் இலை காட்டுகிற நிறங்களில் எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம்.

தமிழில் அந்த மஞ்சள் முழுக்கப் போய்விடவில்லை. சங்கப் பாட்டில் தலைவனைப் பிரிந்தவள் மேனியில் படரும் பசலை இருக்கிறதே, அது இதே வேர்தான். அது பச்சை நிறம் என்று நினைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் திண்டாடுவார்கள். பீர்க்கம் பூவைத்தான் அதற்கு உவமை சொன்னார்கள். மஞ்சள் பூ.

குறுந்தொகையில் 399-வது பாட்டு, பரணருடையது. ஊரார் தண்ணீர் மொள்ளும் கேணித் துறையில் படர்ந்த பாசி மாதிரி இருக்கிறது இந்தப் பசலை என்கிறாள். அவர் தொடத் தொட விலகுகிறதாம், கையை எடுக்க எடுக்கப் படர்ந்துவிடுகிறதாம். பாசி, பசலை இரண்டு சொல்லும் ஒரே வயிற்றில் பிறந்தவை. உவமைக்குப் பொருளும் உறவு, சொல்லும் உறவு. இந்தப் பாட்டைப் படித்த நாளில் மயிலாப்பூர்க் குளத்துக்குப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்து கையால் பாசியை விலக்கிப் பார்த்தேன். எடுத்த இடத்தில் மெதுவாக வந்து மூடியது. குடத்தை முக்கி முக்கி எடுத்தவள்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும்.

பாட்டியிடம் இன்னும் நாலு சொல் கேட்டு எழுதி வையுங்கள்.

பச்சாதாபம் என்பதிலும் இந்தப் பச்சை இருக்கிறதா?
– வாசகர், தாம்பரம்

இல்லை. அது வடமொழி. பின்னால் வரும் தாபம் என்று பொருள், பின்னிரக்கம். நாம்தான் நாளடைவில் இரக்கத்துக்கு அதைப் பயன்படுத்துகிறோம்.

பால்காரத் தம்பி "அக்கா, இன்னைக்குப் பச்சை இல்ல, நீலம்தான்" என்கிறான். இந்தப் பச்சைக்கு என்ன பொருள் சொல்வீர்கள்?
– வாசகி, கே.கே.நகர்

இது சுத்தமான நிறப் பச்சை. உறையின் நிறமே பாலின் பெயராகிவிட்டது. ஆவினில் பச்சை உறை என்றால் 4.5 சதவீதம் கொழுப்புள்ள நிலைப்படுத்திய பால், நீல உறையில் 3 சதவீதம் என்று பல வருடமாக ஊருக்கு மனப்பாடம். அரிசி வாங்குகிற ரேஷன் அட்டையையும் 2017-ல் ஸ்மார்ட் கார்டு வருகிறவரை "பச்சை கார்டு" என்றுதான் சொன்னோம். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பச்சை பாக்கெட்டில் இருப்பது பச்சைப்பால் கிடையாது. ஏறக்குறைய 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிரவைத்த பால் அது. நெருப்பைப் பார்த்துவிட்டு வந்தது. இரண்டு பச்சைகளும் ஒரே உறையில் எதிரெதிராக நிற்கின்றன, ஆனாலும் கடைக்காரரும் குழம்புவதில்லை, நீங்களும் குழம்புவதில்லை.

மெட்ரோவில் பச்சை வழித்தடத்தில் "பச்சையப்பன் கல்லூரி" என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் யோசிப்பேன். மனிதருக்கு எப்படிப் பச்சை என்று பெயர் வந்தது?
– வாசகர், ஷெனாய் நகர்

பச்சையப்ப முதலியார் 1754-ல் பிறந்து 1794-ல், நாற்பது வயதில் இறந்தவர். துபாஷியாக (மொழிபெயர்த்துச் சொல்லும் இடைத்தரகராக) இருந்து சம்பாதித்த சொத்தை அறத்துக்கென்று உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தில் 1842-ல் பள்ளிக்கூடம் வந்தது, 1889-ல் அது கல்லூரியானது, 1940-ல் சேத்துப்பட்டுக்குக் குடிவந்தது. நீங்கள் சொல்லும் நிலையம் அந்த வாசலில்.

பெயரில் உள்ள பச்சை தெய்வத்தின் நிறம். நம் தொண்டை மண்டலத்தில் பச்சையப்பன், பச்சையம்மாள், பச்சைமுத்து என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். திருமுல்லைவாயலில் பச்சையம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத்தில் கூட்டம் தாங்காது. காஞ்சிபுரத்தில் பச்சைவண்ணர் என்றே பெருமாளுக்குப் பெயர். எங்கள் திருவல்லிக்கேணியில் மார்கழி விடியலில் யாராவது ஒருவர் "பச்சைமா மலைபோல் மேனி" என்று தொண்டரடிப்பொடியாழ்வார் பாசுரத்தை எடுப்பார். அதே பெருமாளைக் கார்மேனி என்றும் பாடுகிறோம். காலண்டரில் நீலமாகப் போடுகிறார்கள். ஒரே மேனி கறுப்பு, நீலம், பச்சை மூன்றுமாக இருப்பதைப் பற்றி நம் பாட்டிகள் யாரும் கவலைப்பட்டதில்லை. தூரத்து மலையைப் பார்த்தவர்களுக்கு அதில் சங்கடம் இருந்திருக்காது. செங்கல்பட்டு தாண்டி ரயிலில் போகும்போது பாருங்கள், மழை மேகம் கவிந்த நேரத்தில் ஒரே குன்று மூன்று நிறமும் காட்டும்.

பச்சைப் பொய், பச்சைத் துரோகம், பச்சை பச்சையாகப் பேசுவது என்று கெட்டதற்கெல்லாம் ஏன் இந்த நல்ல நிறம்?
– வாசகர், ராயபுரம்

சமைக்காத பொய் அது. மசாலா சேர்த்து, மூடிவைத்து, தாளித்துக் கொடுத்தால் பொய்யும் கொஞ்சம் உண்மை மாதிரி இருக்கும். எதுவும் செய்யாமல் அப்படியே எடுத்து இலையில் போட்டால் பச்சைப் பொய். பச்சையாகப் பேசுகிறவனும் மறைக்க வேண்டியதை மறைக்காமல் போடுகிறான். கலப்பில்லாதது என்ற அதே பொருள் நல்லதற்கும் போகும். காமராஜரைப் பெரியார் "பச்சைத் தமிழர்" என்று சொன்னது அந்தப் பொருளில்தான். அதில் நிறத்துக்கு வேலை இல்லை.

மனைவிக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது. "பச்ச உடம்பு" என்று மாமியார் எதையும் தொட விடுவதில்லை. இது பழைய காலப் பேச்சு இல்லையா?
– வாசகர், வேளச்சேரி

தம்பி, தொட விடாதது பத்தியமா, பழக்கமா என்பதை டாக்டரும் உங்கள் மாமியாரும் பேசித் தீர்க்கட்டும். சொல்லை மட்டும் பழசு என்று தள்ளாதீர்கள். ஆறாத புண் பச்சைப் புண். குழந்தை பச்சைக் குழந்தை, பெற்றவள் பச்சை உடம்புக்காரி. தாயையும் பிள்ளையையும் ஒரே சொல்லால் தமிழ் மூடி வைத்திருக்கிறது. எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது ஒன்பதாம் நாளே வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கதவண்டை நின்ற அந்த ஆளிடம் எங்கள் அம்மா, "பச்ச உடம்புப்பா, போய்ச் சொல்லு" என்றாள். அந்த ஆள் வேறு ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.

என் மகன் கையில் சிவப்பு மையில் ரோஜாப்பூ போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். "பச்சை குத்தினான்" என்று எழுதலாமா?
– வாசகர், அண்ணா நகர்

தாராளமாக எழுதுங்கள். சொல் நிறத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. முன்பு வீட்டு வாசலுக்கு வந்து குத்துகிறவர்கள் விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துக் குத்துவார்கள். ஊசியில் இருக்கும்போது கறுப்பு. தோலுக்குள் போய் ஆறினால் நீலம் ஓடிய பச்சை. அதனால் வந்த பெயர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர் இல்லாமல் என்னிடமே பல வருடமாகக் கிடக்கிறது. பழைய தமிழில் பச்சைக்குத் தோல் என்றே ஒரு பொருள் உண்டு. பொருநராற்றுப்படையில் யாழின் மேல் இழுத்துக் கட்டிய தோலுக்குப் பெயர் பச்சை. அந்தப் பச்சை விளக்கின் சுடர் நிறத்தில் இருந்தது என்கிறார் புலவர். செந்நிறப் பச்சை! முதல்முறை புரூஃபில் அந்த அடியைப் பார்த்தபோது பிழை என்று நினைத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். ஏதோ தோன்றி மூடினேன். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பார்த்தால் தோல் என்று இருந்தது. ஆகவே சிவப்பு மையில் பச்சை குத்திய உங்கள் மகன் கணக்கில் பிசகு ஒன்றும் இல்லை.

எங்கள் ஆயா முழங்கைக்குக் கீழே ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன் வியாசர்பாடியில் குத்திக்கொண்டது. வயதாகித் தோல் சுருங்கிய பிறகு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் தோலை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பிடிப்பேன். கோலம் மறுபடி விரியும். "பச்சையாவே கீதா?" என்று கேட்பாள். அவளுக்கு அப்போது கண் தெரியாது. "கீது ஆயா" என்பேன்.